மீதி ஒரு லிட்டர்

குடல் நோய்ப் பிரிவின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஓர் அறையில், இரண்டு எஃகுத் தொட்டிகளுக்கு முன்னால் அவள் பதினோரு வருடமாக நின்றுகொண்டிருக்கிறாள். மனிதர்களின் குடலுக்குள் போய்விட்டு வரும் ஸ்கோப்புகளைக் கழுவுவது அவள் வேலை. ஆள் உயரத்துக்குக் கருப்பாக ஒரு குழாய், நுனியில் கேமரா, உள்ளே மெல்லிய துவாரங்கள். சிகிச்சை அறைக்கும் அவள் அறைக்கும் நடுவே சுவரில் ஒரு சின்னத் திறப்பு உண்டு. அதன் வழியாக ஒரு தட்டில் சுருண்டு படுத்தபடி அது வந்து சேரும். அதன்மேல் என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நான் சொல்லப்போவதில்லை. சரி, சொல்கிறேன். சொல்லாவிட்டால் அவளை உங்களுக்குப் புரியாது.

தக்காளித் தோல் வரும். வெள்ளரி விதை வரும். மென்று தின்ன நேரமில்லாமல் அப்படியே விழுங்கிய மக்காச்சோளம் முழுசாக வரும். மஞ்சளாக ஒரு கோழை, அதற்கடியில் பழுப்பாக ஒரு பசை, அதற்கென்று ஒரு நாற்றம். முதல் மாதம் அவள் மதியச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். அப்புறம் சாப்பிடப் பழகிக்கொண்டாள், ஆனால் அருவருப்பு மட்டும் போகவே இல்லை. லிஃப்டில் வாசனை பூசிக்கொண்டு நிற்கும் கனவான்களைப் பார்த்தாலே, 'உள்ளே நீயும் அதுதானே' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். மனித குலத்தின் மீதே அவளுக்கு ஒரு முகச்சுளிப்பு வந்துவிட்டது.

ஆனால் வேலையில் அவளைக் குறை சொல்ல யாரும் பிறக்கவில்லை. துவாரத்துக்குள் நீளமான மெல்லிய பிரஷை விட்டு இழுப்பாள். பிரஷில் ஒரு பொட்டு அழுக்கு தெரிந்தாலும் மறுபடி விடுவாள். அது வெள்ளையாக வெளியே வரும்வரை விடமாட்டாள். பிரிவில் எல்லோரும் அவளைத் தொட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பிரிவில் இரண்டு டாக்டர்கள். ஒருவர் மின்னல். மதியத்துக்குள் பன்னிரண்டு கேஸ் முடிப்பார், ஜோக்கடிப்பார், தொட்டியக்காவிடம்கூட நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார். இன்னொருவர் ஆமை. அந்த அம்மாள் அதே நேரத்தில் ஐந்துதான் முடிப்பார். ஸ்கோப்பைக் கடைசிவரை கொண்டுபோய், வெளியே இழுக்கும்போது ஒவ்வொரு மடிப்பாக விலக்கி விலக்கிப் பார்ப்பார். ஆமையின் நாட்களில் எல்லோருக்கும் சாப்பாடு மூன்று மணிக்கு. "அந்தம்மா உள்ள என்ன, வாடகைக்கு வீடு பாக்குறாங்களா?" என்று முதலில் கேட்டதே தொட்டியக்காதான். அந்த ஜோக் பிரிவு முழுக்கப் பரவி இன்றைக்கும் நடமாடுகிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கே ரத்தம் போனது. மின்னல் இரண்டு கேஸுக்கு நடுவில் அவளைப் படுக்கவைத்துப் பார்த்தார். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு பாலிப், குடலில் முளைக்கும் சதைக்கட்டி, அகலமாகச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. ஒரே வெட்டில் வரவில்லை. துண்டு துண்டாக எடுத்தார். மறுநாள் ஆய்வகத்துக்குப் போகும் தள்ளுவண்டியில் தன் பெயர் ஒட்டிய குப்பியை அவளே பார்த்தாள். உள்ளே ஐந்து துண்டுகள், ஊறிப்போன ரொட்டித் துணுக்குகள் மாதிரி மிதந்துகொண்டிருந்தன. ஊரார் குடலையெல்லாம் கழுவியவள், அன்றைக்குத்தான் கழிப்பறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

"எல்லாம் எடுத்தாச்சு. புற்று கிற்று ஒண்ணும் இல்ல," என்றார் மின்னல். "துண்டு துண்டா எடுத்தா, வெளி ஆளுங்கள ஆறு மாசத்துல திரும்ப வரச் சொல்லுவோம். நீ நம்ம ஆளு. உன்னை எதுக்கு அலைய விடணும்? மூணு வருஷம் கழிச்சு நிதானமாப் பாத்துக்கலாம்."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எட்டு வருடம் நாற்றத்தில் நின்றதற்கு ஒரு மரியாதை கிடைத்ததே என்று நினைத்தாள். மற்றவர்கள் ஆறு மாதத்தில் குடலைக் கழுவும் அந்த மருந்தைக் குடித்துச் சாகட்டும், நமக்கு மூன்று வருடம்! வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

பெருமை அதோடு நிற்கவில்லை. அடுத்த வருடம் அவள் கணவரின் அக்காவுக்கு மறுபரிசோதனை வந்தது. முன்பு வேறெங்கோ இரண்டு பாலிப் எடுத்திருந்தார்கள். அண்ணியை வரிசையில் நிற்கவிடாமல் நேராக மின்னலிடம் அழைத்துப்போனது இவள்தான். முதல் நாளே போன் செய்து ரகசியமாக ஒரு யோசனையும் சொன்னாள்.

"அண்ணி, ரெண்டு லிட்டர் குடிக்கச் சொல்லியிருப்பாங்க. ஒரு லிட்டர் குடிச்சாப் போதும். மீதியைக் கொட்டிடுங்க. உள்ள என்ன இருந்தாலும் ஸ்கோப்பே உறிஞ்சி எடுத்துடும். நான் தினமும் பாக்குறேன்ல?"

அண்ணி அப்படியே செய்தார். மின்னல் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, அஞ்சு வருஷம் கழிச்சு வாங்க," என்று அனுப்பினார். அதிலிருந்து எந்தக் கல்யாண வீட்டில் பார்த்தாலும் அண்ணி நாலு பேரைக் கூட்டிவைத்து, "இவ மட்டும் இல்லன்னா அந்தக் கண்றாவி முழுசையும் குடிச்சிருப்பேன்," என்று புகழ்வார். தொட்டியக்கா தலையைக் குனிந்துகொண்டு, காதை மட்டும் நன்றாகத் திறந்து வைத்துக்கொள்வாள்.

இந்த வருடம் நடைபாதைக்குப் பெயின்ட் அடித்தார்கள். அங்கே மாட்டியிருந்த அட்டவணையைக் கழற்றிவந்து, ஆமை அதைத் தொட்டிக்கு நேர் எதிரே ஒட்டவைத்தார். பாலிப் எடுத்தவர்கள் எப்போது திரும்பி வரவேண்டும் என்ற அட்டவணை. எத்தனை, எவ்வளவு பெரிது, எப்படி எடுத்தது என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. சோப்புத் திரவப் பாட்டில் அதன் அடிப்பக்கத்தை மறைத்துக்கொண்டு நின்றது. மற்றதை, பிரஷ் இழுக்கும்போதெல்லாம் அவள் வேண்டாவெறுப்பாகப் படித்தாள். சிறியது ஒன்றிரண்டு என்றால் பல வருடம். எண்ணிக்கை கூடினால் மூன்று வருடம். பெரியது, துண்டு துண்டாக எடுக்கப்பட்டது என்றால் ஆறு மாதம்.

நாலு நாள் அதே வரியைப் படித்தாள். 'நம்ம ஆளு' என்று ஒரு கட்டம் அதில் எங்கேயும் இல்லை.

ஐந்தாம் நாள், ஆமை கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது திறப்பு வழியாகத் தலையை நீட்டிக் கேட்டாள். "மேடம், துண்டு துண்டா எடுத்தா எதுக்கு ஆறு மாசம்?"

"ஓரத்துல கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நிக்கும். கண்ணுக்குத் தெரியாது. அது திரும்ப வளரும். அதான் சீக்கிரம் பாக்கணும். யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எப்ப எடுத்தது?"

சொன்னாள். ஆமை கையுறையைக் குப்பையில் போட்டுவிட்டு அவளையே பார்த்தார். "மூணு வருஷமா அந்தத் தொட்டிகிட்ட நின்னு என்ன பண்ணிட்டிருந்தே?"

அவள் திறப்பிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். "நாளன்னிக்கு வா. மருந்தை முழுசா குடிச்சுட்டு வா," என்றார் ஆமை.

மருந்து என்பது ஒரு பொடி. இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். எலுமிச்சை வாசனை போட்டிருப்பதாகப் பொட்டலத்தில் எழுதியிருந்தது. எலுமிச்சையைப் பார்த்தே இராத எவனோ எழுதியிருப்பான். உப்பும் இனிப்பும் சேர்ந்து, வழவழவென்று, இன்னொருவன் வாய் கொப்பளித்த தண்ணீர் மாதிரி இருந்தது. முதல் மிடறிலேயே அவளுக்கு உடம்பு சிலிர்த்துக்கொண்டது. சாயங்காலம் ஒரு லிட்டரை மூக்கைப் பிடித்துக்கொண்டு எப்படியோ உள்ளே தள்ளினாள். அப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரே ஒரு கழிப்பறை. பேருந்து ஓட்டிக் களைத்துவந்த கணவர் கதவுக்கு வெளியே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்.

"இன்னும் எவ்வளவு நேரம்டி?"

"நான் என்ன உள்ள பேப்பரா படிக்கிறேன்?"

"அப்படின்னா பக்கத்து வீட்டுக்குப் போயிட்டு வரேன்."

"போங்க. கேட்டா எனக்குக் குடல் கழுவுறாங்கன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டு வாங்க."

விடியற்காலை மீதி ஒரு லிட்டரைக் குடிக்க வேண்டும். ஜாடியை எடுத்தாள். குளிர்ந்துபோய், அடியில் கலங்கலாக நின்றது. வாய்வரை கொண்டுபோனதுமே குமட்டியது. ஸ்கோப் உறிஞ்சிக்கொள்ளும், தினமும் பார்க்கிறவளுக்குத் தெரியாதா என்ன? ஜாடியைச் சமையலறைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, குழாயைத் திறந்து நன்றாக அலம்பி வைத்தாள். தொட்டி பளிச்சென்று இருந்தது.

மயக்க ஊசி வேண்டாம் என்றாள். அவளோடு வேலை செய்கிற இன்னொருத்தி விடுப்பில் இருந்தாள். மதியம் தொட்டிக்கு ஆள் இல்லை. "ஊசி போட்டா நாள் முழுக்கத் தூங்கி வழியணும். நான் தாங்கிக்குவேன்," என்றாள். பெரிய சிஸ்டர் அவளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, பின்பக்கம் திறந்த அந்தக் கேவலமான அங்கியைச் சரிசெய்தார். எதிரே திரை இருந்தது.

"முழுசா குடிச்சியா?" என்று கேட்டார் ஆமை.

"குடிச்சேன் மேடம்."

திரையில் இளஞ்சிவப்பாக ஒரு சுரங்கம் விரிந்தது. பத்து விரற்கடை தூரம்தான் சிவப்பு. அப்புறம் பழுப்பு. சுவரெங்கும் பூசினாற்போல் ஒரு படலம், மூலையில் குட்டையாகத் தேங்கிய கலங்கல், அதில் மிதக்கும் விதைகள். உறிஞ்சும் சத்தம் கேட்டது. குட்டை கொஞ்சம் வற்றியது, படலம் அசையவே இல்லை. தண்ணீர் பீய்ச்சினார்கள். ஒரு விதை போய்த் துவாரத்தை அடைத்துக்கொண்டது. சிகிச்சை அறையில் நாலு பேர் அவள் முந்தாநாள் தின்றதை வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்கு அந்தக் கட்டிலோடு தரைக்குள் போய்விட வேண்டும்போல் இருந்தது.

"முழுசா குடிச்சியான்னு கேட்டேன்."

"...குடிச்சேன்."

"நீ குடிச்சேங்கிற. இது இல்லைங்குது." ஆமை விரலால் திரையைத் தட்டினார். "இதுல நான் என்னத்தைப் பாக்குறது? இந்தச் சேத்துக்கு அடியில யானையே படுத்திருந்தாலும் எனக்குத் தெரியாது. ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டுப் போகட்டுமா? எழுதலாம். ரெண்டு பேருக்கும் சீக்கிரம் சாப்பாடு கிடைக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. ஆமை ஸ்கோப்பை வெளியே எடுத்துவிட்டார். "திரும்ப வா. வெள்ளிக்கிழமை."

அவள் எழுந்து முகம் கழுவி, துணி மாற்றிக்கொண்டு தன் அறைக்குப் போனாள். திறப்பில் தட்டு தயாராகக் காத்திருந்தது. அவளுக்குள்ளிருந்து வந்த ஸ்கோப். கழுவ வேறு ஆள் கிடையாது.

பதினோரு வருடத்தில் எத்தனை ஆயிரம் கழுவியிருப்பாளோ, இதைத் தொடக் கை வரவில்லை. அடுத்தவன் அழுக்கு என்றால் திட்டிக்கொண்டே கழுவலாம். இதை யாரைத் திட்டிக் கழுவுவது? அதே பழுப்புப் பசை. அதே நாற்றம், ஒரு நூல்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கையுறைமேல் இன்னொரு கையுறை போட்டுக்கொண்டு, அவள் ஸ்கோப்பைத் தொட்டியில் இறக்கினாள். உறிஞ்சு குழாயைப் பொருத்தி வழக்கப்படி முதலில் சோப்புத் தண்ணீரை உறிஞ்சவிட்டாள். கலங்கல் போனது. அப்புறம் பிரஷை விட்டு இழுத்தாள்.

பிரஷ் பழுப்பாக வந்தது. மறுபடி விட்டாள். மறுபடியும் பழுப்பு.

அப்போதுதான் அவளுக்கு மண்டையில் உறைத்தது. உறிஞ்சினால் எல்லாம் போய்விடும் என்றால், இந்தப் பிரஷ் எதற்கு? உறிஞ்சி முடித்த துவாரத்துக்குள் தினம் ஐம்பது முறை பிரஷை விட்டு இழுக்கிறவள் அவள். ஒட்டிக்கொண்டிருப்பது உறிஞ்சலுக்கு வராது என்று இந்த உலகத்திலேயே கையால் தெரிந்தவள் அவள்தான். குடலுக்குள் பிரஷ் விட முடியாது. அதற்குத்தான் அந்த இரண்டாவது லிட்டர். சீ, இந்தப் புத்தியை வைத்துக்கொண்டா ஊருக்கு யோசனை சொன்னேன் என்று தன்மேலேயே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் வந்தது.

பிரஷ் வெள்ளையாக வர ஒன்பது முறை ஆயிற்று. சோப்புத் திரவம் போதவில்லை. பாட்டிலை எடுத்தாள். அது இருந்த இடத்தில், அட்டவணையின் கடைசி வரி முதல்முறையாகக் கண்ணில் பட்டது.

'குடல் சுத்தமாக இல்லாமல் செய்த பரிசோதனைக்கு மேலே உள்ள எதுவும் பொருந்தாது. மறுபடி செய்ய வேண்டும்.'

அண்ணி.

பாட்டிலை அதே இடத்தில் வைத்தாள். வரி மறைந்தது. முதலில் நம்முடையது முடியட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்ததும் அருவருப்பாகத்தான் இருந்தது, இருந்தும் அப்படித்தான் நினைத்தாள்.

வியாழன் சாயங்காலம் ஒரு லிட்டர், வெள்ளி விடியலில் ஒரு லிட்டர். கடைசி டம்ளரில் பாதி வாய்க்கு மேலே வந்துவிட்டது. மறுபடி விழுங்கினாள். ஆமாம், அதைத்தான் விழுங்கினாள். உங்களுக்குக் குமட்டினால் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை திரை முழுக்க இளஞ்சிவப்பு. ஆமை கடைசிவரை போய், அங்கிருந்து மெல்ல மெல்லப் பின்வாங்கினார். பழைய தழும்பின் இடத்துக்கு வந்ததும் நின்றார். வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. அதன் ஓரத்தில், தட்டையாக, பாசி படர்ந்தாற்போல் ஒரு சின்னத் திட்டு. முந்தைய முறை அதன்மேல்தான் அந்தப் படலம் மூடியிருந்தது.

"பாத்தியா?" என்றார் ஆமை. குரலில் ஏச்சு இல்லை. "இதுக்குத்தான் ஆறு மாசம்."

எடுத்து முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. அன்றைக்கும் எல்லோருக்கும் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். வீடு வாடகைக்குப் பார்க்கிற ஜோக்கை யாரோ வெளியே சொல்வது அவள் காதில் விழுந்தது. தன் ஜோக் இவ்வளவு கேவலமானது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

மறுவாரம் மின்னல் திறப்பில் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "என்ன தொட்டியக்கா, கட்சி மாறிட்டே? என்கிட்ட சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருப்பேனே."

"அதான் சார் சொல்லல," என்றாள் அவள். அவர் அதையும் ஜோக் என்று எடுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே போனார். அவர் தட்டில் வைத்துவிட்டுப் போன ஸ்கோப்பில் பழுப்புப் படலம் நுனிவரை பூசியிருந்தது. உள்ளே அந்த கேஸுக்கு 'ஒண்ணும் இல்ல' என்று இந்நேரம் எழுதியிருப்பார். அவள் அந்தத் தட்டைக் கழுவாமல் எடுத்துக்கொண்டுபோய் ஆமையின் முன்னால் வைத்தாள். ஆமை பார்த்தார். எழுந்து, மின்னலின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆய்வக முடிவு அன்று சாயங்காலம் வந்தது. "புற்று இல்ல. ஆனா அந்த வழியிலதான் நடந்துட்டு இருந்திருக்கு," என்றார் ஆமை. "ஆறு மாசம். அப்புறம் நான் சொல்றப்ப எல்லாம்."

பெரிய சிஸ்டர் திரும்ப வரவேண்டியவர்களின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு தயங்கினார். "நீ இங்கேயேதானே இருக்கே? உன்னையும் இதுல எழுதணுமா?"

"எழுதுங்க சிஸ்டர். வெளி ஆளுங்களோட சேத்தே எழுதுங்க." கொஞ்சம் நின்றுவிட்டு, "இன்னொரு பேரும் எழுதணும். அவங்ககிட்ட இன்னும் சொல்லல," என்றாள்.

அறைக்கு வந்து, சோப்புப் பாட்டிலை எடுத்துத் தரையில் வைத்தாள். கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே போன் செய்தாள். அண்ணி உற்சாகமாக எடுத்தார். "சொல்லும்மா! உன்னைப் பத்தித்தான் நேத்துகூடப் பேசிட்டிருந்தோம். எதிர்வீட்டுக்காரருக்கு இந்தப் பரிசோதனையாம். பாதியைக் கொட்டிடுங்க, என் தம்பி பொண்டாட்டி அங்கேயே வேலை பாக்குறா, அவளே சொன்னதுன்னு சொல்லிக்கொடுத்தேன்."

அவளுக்கு வாயில் அந்த எலுமிச்சைத் தண்ணீரின் ருசி திரும்ப வந்தது.

"அண்ணி, நான் சொன்னது தப்பு."

"எது?"

"பாதியைக் கொட்டச் சொன்னது. உள்ள அழுக்கு இருந்தா ஒண்ணுமே தெரியாது. நானும் கொட்டினேன், எனக்கும் தெரியல. முழுசா குடிச்சப்புறம் பாத்தா, திரும்ப வளந்திருந்துச்சு. உங்களுக்கு அன்னிக்குப் பாத்தது பாத்ததே இல்ல. அஞ்சு வருஷம்னு சொன்னது செல்லாது. நீங்க திரும்ப வரணும். எதிர்வீட்டுக்காரர்கிட்டயும் இன்னிக்கே சொல்லிடுங்க."

மறுமுனையில் எங்கோ ஒரு குழாய் ஓடிக்கொண்டிருப்பது கேட்டது.

"ரெண்டு வருஷமா எனக்கு ஒண்ணும் இல்லன்னு நிம்மதியா இருந்தேன்," என்றார் அண்ணி மெதுவாக. "தினமும் கழுவுறவ சொல்றா, அவளுக்குத் தெரியாதான்னு நம்பினேன்."

"தெரியும் அண்ணி. தெரிஞ்சும்தான் சொன்னேன்."

"சீ!" என்றார் அண்ணி.

அந்தச் 'சீ' மருந்துக்கு என்று அவள் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை, அது தனக்குத்தான். போனைக் காதிலிருந்து எடுக்காமல், அடுத்து வரப்போவதையும் கேட்டு வாங்கிக்கொள்ள நின்றாள். திறப்பில் அடுத்த தட்டு வந்து உட்கார்ந்தது.